ஒன்றரை மீற்றர்

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு உள்கணினி விழித்துக்கொண்டது. விழித்த கையோடு, வயர் பூட்டுவதற்குத் தன்னிடம் துவாரமே இல்லை என்று அறிவித்தது.

அலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தான். அதே செய்திதான்.

"என்ன தம்பி சொல்லுது?" என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த இளையதம்பி.

"தண்ணி அளக்கிற கருவியில இருந்து வாற வயர் தனக்குத் தெரியல்லயாம்."

"வயர் அந்தா பூட்டித்தானே கிடக்கு."

"அது வெளிக்கணினிக்குப் பூட்டிக் கிடக்கு அண்ணன். உள்ளுக்க இருக்கிற கணினிக்கு இல்ல."

இளையதம்பி மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே ஒரு கணினிதான் இருந்தது. நிமிர்ந்து அலனைப் பார்த்தார். படித்த பிள்ளை, ஏதோ சொல்லுகிறான் என்று விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். நாவற்குடாவில் ஒரு வாடகை வீட்டில் வாவி நீர்மட்டப் பிரிவு என்று ஒரு சின்னக் கந்தோர். அதில் ஹெக்டர் அதிகாரி, அலன் தொழில்நுட்ப உதவியாளர். மாரி மழை மூன்று கிழமையாக விடவில்லை. வாவி நிரம்பி, படுவான்கரை வயல்வட்டைகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மண்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். விவசாயிகளுக்கு அது உடனே வேண்டும். மீனவர்களுக்கு வேண்டாம், தண்ணீரோடு இறாலும் போய்விடும்.

ஆகவே ஒரு விதி செய்திருந்தார்கள். நீர்மட்டம் ஒன்றரை மீற்றருக்கு மேலே இருந்தால் வெட்டலாம், கீழே இருந்தால் வெட்டக்கூடாது. முன்பு தண்ணீருக்குள் நட்ட கம்பத்தைப் பார்த்துத்தான் அளவு சொன்னார்கள். போன வருடம் அதே கம்பத்தை அதே நேரத்தில் பார்த்த விவசாயிகள் ஒன்று தசம் ஆறு என்றார்கள், மீனவர்கள் ஒன்று தசம் மூன்று என்றார்கள். ஒருவருக்கு நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். அதன் பிறகு கம்பத்தையே பிடுங்கிவிட்டு, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கருவி அனுப்பும் அளவை, கந்தோர்க் கணினி திகதியும் நேரமும் போட்டு அச்சடித்துக் கொடுத்தால் மட்டுமே செல்லும் என்று ஆனது.

அந்தக் கணினி போன வெள்ளிக்கிழமை செத்துப்போனது. திறந்து பார்த்தபோது உள்ளே எறும்புகள் முட்டையிட்டுக் குடும்பமாக இருந்தன. கருவியின் அளவை வாசிக்கும் மென்பொருளோ அந்தக் காலத்துக் கணினியில் மட்டுமே ஓடும். ஆனால் அலன் முன்யோசனைக்காரன். பழைய கணினியின் வயிற்றில் இருந்த அவ்வளவையும் முதலே பிரதி எடுத்து வைத்திருந்தான். அதைப் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓடவிட்டான். அதாவது, கணினிக்குள்ளே இன்னொரு கணினி. உள்ளே இருப்பதற்குத் தான் செத்தது தெரியாது. தனக்கு இன்னும் பெட்டியும் வட்டும் வயரும் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். அப்படி நினைக்க வைப்பதற்கு ஒவ்வொரு பாகத்தையும் பொய்யாகச் செய்து கொடுக்க வேண்டும். அன்று காலை அலன் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

கூட்டம் இரண்டு மணிக்கு. அதற்குள் அச்சடித்த தாள் வேண்டும். தாள் இல்லாவிட்டால் அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமைதான்.

இளையதம்பி செட்டிபாளையத்துக்காரர். விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். படுவான்கரையில் அவருடைய ஒன்பது ஏக்கர், மற்றவர்களுடையதோடு சேர்த்தால் நானூறு ஏக்கர், கதிர் தள்ளுகிற பருவத்தில் தண்ணீருக்குள் நின்றது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அவ்வளவும் அழுகிவிடும். மனிசன் எட்டு மணிக்கே கந்தோர் வாசலுக்கு வந்துவிட்டார். அலனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடத்தில், தன் கையால் நடக்கிற ஒரு காரியத்துக்காக ஒருவர் இப்படிக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை.

உள்கணினிக்குப் பொய்த் துவாரம் ஒன்றைச் செய்து கொடுத்து, வெளியே இருந்த உண்மையான வயரை அதற்குள் இணைத்தான். ஒன்பது நாற்பதுக்குத் திரையில் எண் விழுந்தது.

1.52.

"ஒன்றரைக்கு மேல அண்ணன்," என்றான் அலன். அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

இளையதம்பி எழும்பி நின்றார். "அடிங்க தம்பி. சுணங்காம அடிச்சுத் தாங்க."

அலன் அச்சடிக்கச் சொல்லி அழுத்தினான். பிறின்டர் அசையவில்லை. பிறின்டர் கந்தோர் வலையமைப்பில் இருந்தது. உள்கணினிக்கு வலையமைப்பு அட்டை இல்லை.

"அது சின்ன வேலை," என்றான் அலன். "ஒரு அட்டையப் போட்டுவிட்டாச் சரி."

உள்கணினியை நிறுத்தி, புதுவகை மெய்நிகர் அட்டை ஒன்றைச் சேர்த்து, அதை ஓட்டுவதற்கான டிறைவர் மென்பொருளையும் உள்ளே ஏற்றி, திரும்ப எழுப்பினான். கிழட்டுக் கணினி எழும்ப அரை மணித்தியாலம் எடுத்தது. வலையமைப்பு வந்துவிட்டது. எண்ணும் வந்தது.

1.46.

இரண்டு பேரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள்.

"முதல் வேற ஒண்டு காட்டிச்சே," என்றார் இளையதம்பி. அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"ஓம். அட்டையப் போட்டதோட குழம்பிட்டுது."

"முதல் காட்டினதையே கையால எழுதிக் குடுத்தா என்ன?"

பக்கத்து அறையில் இருந்து ஹெக்டர் வந்தார். எதிலும் அவசரப்படாதவர். எதிலும் கையெழுத்தும் போடாதவர். "கையால எழுதினா மீன்காரர் ஏத்துக்கொள்ள மாட்டாங்க. மிசின் அடிச்சுத் தரோணும்," என்றார். "அலன், என்ன பிரச்சினை?"

"டிறைவருக்கும் அட்டைக்கும் பேச்சு ஒத்துவரல்ல சேர்."

"அதுகள் ரெண்டும் பேசுமா?" என்றார் இளையதம்பி.

"கலியாணம் பேசுற மாதிரித்தான் அண்ணன். வெளிக்கணினி பொம்பிள வீடு. என்னட்ட இன்ன இன்ன இருக்கு எண்டு ஒரு பட்டியல நீட்டும். உள்ளுக்க இருக்கிற டிறைவர் மாப்பிள வீடு. தனக்கு விளங்குறதுக்கு மட்டும் ஓம் எண்டும். விளங்காதத விட்டிரும். ரெண்டு பகுதியும் சரி எண்டா முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஒண்டையும் மாத்தேலா."

"மாத்தினா?"

"முதல்ல இருந்து பேசோணும்."

இளையதம்பி யோசித்தார். "எங்கட பக்கத்து மாப்பிள வீடு ஒண்டையும் விடாது," என்றார்.

"இதுவும் விடல்ல. அதுதான் பிரச்சினை எண்டு நினைக்கிறன்."

அலனின் கணிப்பு இதுதான். டிறைவர் தகுதிக்கு மிஞ்சி எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிட்டது. அட்டை வேகமாக ஓடுகிறது, கிழட்டு மென்பொருள் அந்த வேகத்தில் திணறி அளவைத் தவறவிடுகிறது. ஆகவே பட்டியலில் இருந்து மூன்று அம்சங்களை வெட்டினான். மறுபடி நிறுத்தி, மறுபடி எழுப்பி, மறுபடி பேச்சுவார்த்தை. பத்து ஐம்பது.

1.40.

"இன்னும் சுணங்கினா இன்னும் குறையும் தம்பி," என்றார் இளையதம்பி.

"ஏன் குறையும்?"

"இல்ல, மிசின் பழுதெண்டா பழுது கூடத்தானே செய்யும்."

அதில் நியாயம் இருப்பதாக அலனுக்குப் பட்டது. இன்னும் நான்கு அம்சங்களை வெட்டினான். இப்போது அட்டை நீட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் வெறுங்கையோடு நின்றது. டிறைவர் சரி என்று சொல்ல மறுத்துவிட்டது. வலையமைப்பு போனது. பிறின்டர் போனது. வெட்டியதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். வலையமைப்பு வந்தது. பதினொன்றரை.

1.33.

ஹெக்டர் மறுபடி வந்து கதவில் சாய்ந்துகொண்டார். "ஆரையாவது மண்திட்டுப் பக்கம், முகத்துவாரத்துக்கு அனுப்பிப் பாத்தா என்ன?"

"போகேலா சேர்," என்றார் இளையதம்பி உடனே. "றோட்டில இடுப்பளவு தண்ணி. மூண்டு நாளா அங்கால ஒரு குருவி போகல்ல."

"அப்ப அனுப்பத் தேவையில்ல," என்று ஹெக்டர் போய்விட்டார்.

இளையதம்பியின் கைபேசி அடித்தது. பார்த்துவிட்டுத் துண்டித்தார். திரும்ப அடித்தது. "வீட்டாக்கள்," என்று சொல்லித் திரும்பவும் துண்டித்தார். அந்த மனிசனின் வீட்டில் என்ன பாடோ என்று அலன் நினைத்துக்கொண்டான். விரல்கள் இன்னும் வேகமாக ஓடின.

இனி ஆறுதலாக யோசிக்க நேரமில்லை. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இப்படியான கிழட்டு உள்கணினிகளுக்கென்று எழுதிப் போட்டிருந்த முழு அமைப்பையும் அப்படியே பிரதிசெய்து ஒட்டினான். வட்டு, திரை, கடிகாரம் எல்லாம் புதிதாக வந்தன. உள்கணினி எழும்பியது. ஆனால் மூச்சு வாங்கியது. மவுசை நகர்த்தினால் திரையில் அம்பு பத்துச் செக்கனுக்குப் பிறகுதான் நகர்ந்தது.

"என்ன நடந்த?" என்றார் ஹெக்டர். இப்போது கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

"பலூன் சேர்."

"கந்தோருக்குள்ள பலூன் எதுக்கு?"

"அது ஒரு மெய்நிகர் சாமான். உள்கணினியிட நினைவகத்துக்குள்ள பலூன் மாதிரி ஊதும். ஊத ஊத உள்ளுக்க இடம் குறையும். மிச்சம் வெளிக்கணினிக்குக் கிடைக்கும்."

"ஆரு ஊதச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நான் ஏத்தின டிறைவர் மூட்டைக்குள்ள அதுக்கும் ஒரு டிறைவர் இருந்திருக்கு. அதுவும் ஓம் எண்டு சொல்லிட்டுது."

"எதக் கேட்டாலும் ஓம் எண்டுதா?"

"கிட்டத்தட்ட."

"நம்மட கந்தோருக்குப் பொருத்தமான சாமான்தான்," என்றார் ஹெக்டர்.

பலூனைப் பிடுங்கி எறிந்தான். திரும்ப எழுப்பியபோது உள்கணினி நன்றாக மூச்சு விட்டது, ஆனால் திகதி 2002 ஏப்ரல் மாதம் என்றது. புதிதாக வந்த கடிகாரம் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கியிருந்தது.

ஹெக்டர் திகதியைக் கொஞ்சநேரம் பார்த்தார். "அந்த வருஷம் எனக்குக் கலியாணம் ஆகியிருக்கல்ல," என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு அமைதியை அலன் முன்பு கண்டதில்லை.

கடிகாரத்தைத் திருத்தி முடிக்கப் பன்னிரண்டே கால். எண், 1.25.

அலன் கதிரையில் சாய்ந்தான். இப்போது எல்லாம் சரியாக ஓடின. வலையமைப்பு ஓடியது. பிறின்டர் தயாராக இருந்தது. திகதி சரி. நேரம் சரி. தண்ணீர் மட்டும் பிழை. கந்தோரின் தகரக் கூரையில் மழை தூறிக்கொண்டே இருந்தது. மழை பெய்யும்போது வாவி எப்படி இறங்கும்? இறங்கவே முடியாது. ஆகவே பிழை மிசினில்தான்.

"நேத்தைய தண்ணி அதுக்குள்ள இருக்காதா தம்பி?" என்றார் இளையதம்பி. "நேத்தைய கணக்கு எண்டாத்தான் சரியா இருக்கும்."

"நேத்து அது செத்துக் கிடந்தது அண்ணன்."

இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டார். நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கடதாசி இல்லாட்டி நான் செத்தன்," என்றார் மெதுவாக. "எனக்கு மட்டும் இல்ல தம்பி. சங்கத்துக்காரர் எல்லாரும் என்னத்தான் பிடிப்பாங்க."

அந்த ஒரு சொல்லில் அலன் உடைந்துபோனான். கடைசியாக ஒரு தடவை கைவைத்தான். வலையமைப்பு அட்டையையே தூக்கிவிட்டு, ஆதிகாலத்து அட்டை ஒன்றைப் பொய்யாகச் செய்து போட்டான். அதற்குப் பட்டியலும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. பிறந்த ஊர் ஆளைக் கண்ட மாதிரி உள்கணினி அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. ஒன்று பத்து.

1.16.

அப்போதுதான் அந்த மென்பொருளின் ஒரு மூலையில் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம் இருப்பதைக் கண்டான். கருவி பிழையான அளவு காட்டினால், எவ்வளவு பிழை என்று அதில் போட்டால் மென்பொருள் கூட்டிக்கொள்ளும்.

அட்டையைப் போடமுதல் காட்டியது 1.52. இப்போது காட்டுவது 1.16. வித்தியாசம் 0.36. இந்த முப்பத்தாறு சென்ரிமீற்றரும் தான் காலையில் இருந்து செய்த குளறுபடி. தான் இறக்கியதைத் தானே ஏற்றிவிடுவது பொய் ஆகாது. அலன் இதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டு தடவையும் சரியாகவே இருந்தது.

"சேர், ஒரு திருத்தம் போடலாம்," என்றான்.

"போடும்."

"நீங்க ஒரு கையெழுத்து..."

"தொழில்நுட்பம் உம்மட பகுதி," என்றார் ஹெக்டர். "நான் அதில தலையிடுறதில்ல."

அலன் 0.36 என்று போட்டான். பிறின்டரில் தாள் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எண் 1.49.

"என்ன தம்பி, நிக்காம நழுவுதே," என்றார் இளையதம்பி. "ஒரு கை கூடப் போடுங்க. சும்மா இறுக்கிப் பிடிக்காதீங்க."

0.42 என்று போட்டான். எண் 1.54 ஆனது. இன்னொரு தடவை மாறுவதற்குள் அச்சடிக்கும் விசையை அழுத்தினான். பிறின்டர் முனகியது, யோசித்தது, பிறகு தாளைத் துப்பியது. திகதி, நேரம், நீர்மட்டம் 1.54 மீற்றர். அனுமதியோடு கோர்த்து வைக்க ஒரு கடிதமும் எழுதினான். மெய்நிகர் கணினியின் டிறைவர் பொருத்தப்பாட்டுக் கோளாறினால் கருவி குறைத்துக் காட்டுகிறது, வாவியின் உண்மையான நீர்மட்டம் காலையில் இருந்து ஒரு சென்ரிமீற்றரும் இறங்கவில்லை என்பதைத் தொழில்நுட்ப ரீதியாக உறுதிப்படுத்துகிறேன். ஒப்பம், அ. அலன்.

கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. மீனவர் சங்கத்தின் சார்பில் வந்த ஞானமலர் தாளை வாங்கி, திகதியைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

"மிசின்தானே அடிச்சது?" என்று கேட்டாள்.

"மிசின்தான்," என்றார் ஹெக்டர்.

"அப்ப நாங்க ஒண்டும் சொல்லேலா," என்று கையெழுத்து வைத்தாள். ஆற்றுவாயை உடனடியாக வெட்டுவதற்கு அனுமதி எழுதப்பட்டது.

இளையதம்பி அனுமதிக் கடிதத்தின் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அலனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ட பிள்ளையா இருந்தாலும் இவ்வளவு செய்யமாட்டான் தம்பி," என்றார். "உங்கள மறக்கமாட்டன்." சொல்லிவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

அலனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நானூறு ஏக்கர் பச்சைப் பயிர். அதைக் காப்பாற்றியவன் தான். இதை வீட்டில் எப்படிச் சொல்லுவது என்றுகூட யோசித்து வைத்தான். மனைவி டினோஷா டிறைவர் என்றவுடனே எழும்பிப் போய்விடுவாள், ஆகவே பலூனில் இருந்து தொடங்க வேண்டும்.

திருத்தத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை பார்த்தான். 0.98. பாவம், மிசின் முழுதாகவே புத்தி பேதலித்துவிட்டது. மெய்நிகர் கணினியை அழித்துவிட்டு நாளைக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று தலைமைக் கந்தோருக்கு அறிக்கை எழுத ஆரம்பித்தான்.

மூன்றரைக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். கால் முழுக்க ஈரக் கடல்மணல். ஏறாவூர் முனாப். வருடா வருடம் ஆற்றுவாய் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் அவருடையதுதான். ஹெக்டருக்குத் தெரிந்தவர்.

"வாங்க முனாப்," என்றார் ஹெக்டர். "கேள்விப்பட்டு வந்தீங்களா? இப்பதான் அனுமதி குடுத்த. அலன், அவருக்கும் கடிதத்தில ஒரு பிரதி குடும்."

முனாப் அனுமதியையும் அதோடு கோர்த்திருந்த அலனின் கடிதத்தையும் வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார். அலனின் கையெழுத்து வரைக்கும் வாசித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"இளையதம்பி அண்ணனுக்குக் காலமையில இருந்து கோல் எடுக்கிறன், மனிசன் தூக்குறாரில்ல, அதுதான் உங்களிட்டயே கேட்டுப்போட்டுப் போவம் எண்டு வந்த சேர்," என்றார். "அவர் சொல்லித்தான் விடிய அஞ்சு மணிக்கே ஆத்துவாய வெட்டி முடிச்சன், தண்ணி அப்ப இருந்து கடலுக்கு ஓடிக்கொண்டிரிக்கி, இந்தக் கடிதம் அதுக்கா, இல்லாட்டி இன்னொரு வாயும் வெட்டோணுமா?"